எரிக்காமல் விட்டால் என்னவாகும்?

ஒரு கிலோ காய்ந்த சீமைக் கருவேல விறகை எரித்தால் ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு வெளியேறும். காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது எடை கூடிவிடுகிறது. திண்டுக்கல்லில் பிரியாணி அண்டாவுக்கு அடியில் எரிந்தாலும் சரி, செங்கல் சூளையில் எரிந்தாலும் சரி, ராமநாதபுரத்து மின்நிலையக் கொதிகலனில் எரிந்தாலும் சரி, அந்த 1.8 கிலோ மாறுவதில்லை. ஆனால் நாடுகள் ஐ.நா. அமைப்புக்கு அளிக்கும் உமிழ்வுக் கணக்கில், எரிசக்தித் துறையின் பக்கத்தில், இந்த விறகுக்கு எழுதப்படும் எண் சுழியம்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு வகுத்த கணக்கு முறை அப்படி. மரம் வெட்டப்பட்ட நிலத்தின் பக்கத்தில் இழப்பை ஒருமுறை எழுதியாகிவிட்டது, எரித்த இடத்தில் மறுபடியும் எழுதினால் இரட்டைப் பதிவாகிவிடும் என்பது அதன் காரணம். காகிதத்தில் இது சரி. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறைப் பக்கத்துப் புறம்போக்கில் இந்த ஆண்டு எத்தனை டன் வெட்டினார்கள், எத்தனை டன் திரும்பத் தழைத்தது என்று அளந்து அந்த நிலப் பக்கத்தை நிரப்புகிறவர் யார்? விறகு வாங்கும் ஆலை, சுழியம் எழுதிய பக்கத்தை மட்டும் காட்டி ‘கார்பன் நடுநிலை’ என்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

தாவர எரிபொருள் நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் கிடையாது. விறகு, கரும்புச் சக்கை, எத்தனால், பயோடீசல், சாண எரிவாயு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களை ஒரே பெயருக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் உரசிப் பார்க்க ஒரு கேள்வி உண்டு. இதை எரிக்காமல் விட்டிருந்தால் இந்தப் பொருளும், இது விளைந்த நிலமும் என்னவாகியிருக்கும்? சீமைக் கருவேலமும் மக்காச்சோளமும் தென்னையும் காய்கறிச் சந்தையும் ஒருசேர இருக்கும் திண்டுக்கல் சமவெளி, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க நல்ல இடம்.

வெட்ட வெட்டத் தழைக்கும் மரம்

சீமைக் கருவேலம் இந்தியாவுக்கு வந்ததே எரிபொருளாகத்தான். சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம், 1876-இல் இதன் விதைகளைத் தருவிக்கும்படி அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அது விதைக்கப்பட்டது. வறண்ட நாட்டின் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது. மரம் அதோடு நிற்கவில்லை. இனிப்பான நெற்றை ஆடும் மாடும் தின்று போகுமிடமெல்லாம் சாணத்தோடு விதை விழுந்தது. குடகனாற்றின் படுகையிலும், வேடசந்தூர் வட்டாரத்துக் குளங்களின் உள்வாயிலும், வரத்து வாய்க்கால்களின் கரையிலும் இன்று முள்ளாக அடர்ந்து நிற்பது அந்த விதையின் வழிவந்ததுதான்.

கார்பன் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல விறகு மரம் அமைவது கடினம். உரம் கேட்காது, வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். தரையை ஒட்டி வெட்டினாலும் தூரிலிருந்து தழைத்து, சில ஆண்டுகளிலேயே மறுவெட்டுக்கு வந்துவிடும். இன்று காற்றில் விட்ட கரியமில வாயு அந்தச் சில ஆண்டுகளில் மரத்துக்குத் திரும்பிவிடுகிறது. சாலையை அகலப்படுத்தும்போது சாயும் நூறு வயதுப் புளியமரத்தைப் பிளந்து சூளையில் போட்டால் கதை வேறு. அதே அளவு கார்பன் மரமாகத் திரும்ப இரண்டு மூன்று தலைமுறை ஆகும். கருவேலத்தின் மறுதழைவை எரிப்பது வட்டியைச் செலவழிப்பது. புளியை எரிப்பது அசலில் கைவைப்பது. ‘மரம்தானே, மறுபடி வளரும்’ என்ற பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆனால் நிலத்துக்கும் நீருக்கும் கார்பன் ஒன்று மட்டுமே கணக்கு இல்லை. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இதே மரத்தை அளந்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக ஏழு லிட்டர் தண்ணீரை நீராவியாக விடுகிறது என்று அது கண்டது. ஏழு லிட்டர் சிறிதுதான். ஒரு குளத்தின் உட்பரப்பில் ஆயிரக்கணக்கில் அடர்ந்து, ஆழத்தில் வேர்விட்டு, கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும்போது அது சிறிதாக இருப்பதில்லை. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற, பல ஒன்றியங்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்துவிட்ட மாவட்டம் திண்டுக்கல். ஒன்றை மட்டும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று பரவியிருக்கும் பேச்சுக்கு அறிவியல் சான்று கிடையாது. அது குடிப்பது மண்ணின் நீரை. அதுவே போதுமான குற்றச்சாட்டு.

இங்கேதான் முரண் முளைக்கிறது. குளத்தை மீட்க நினைக்கும் ஊராட்சிக்கு இந்த மரம் வேரோடு ஒழிய வேண்டும். விறகை நம்பிக் கொதிகலன் வைத்தவருக்கு அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வந்தாக வேண்டும். ஏலம் எடுத்தவர் தரைக்கு மேலே இருப்பதை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போவது அவரளவில் நியாயமானது. விலை கிடைப்பது கட்டைக்கு, தூரைப் பறிப்பது செலவு. ஆக்கிரமிப்புத் தாவரத்துக்கு நிலையான சந்தை உருவானால் அது ஒழிக்க வேண்டிய களை என்ற நிலை மாறி, காக்க வேண்டிய பயிராகிவிடும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டதும், 2022-இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனக் கொள்கை வகுத்ததும் இந்த முரணைத் தாமாகத் தீர்த்துவிடாது.

தீர்க்க வழி இருக்கிறது. நீலகிரிப் பக்கத்துக் காடுகளை மூடிய மஞ்சள் கொன்றை மரங்களை வெட்டிக் கூழுக்குப் பயன்படுத்த, கரூரை அடுத்த புகழூரிலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனத்தோடு வனத்துறை ஏற்பாடு செய்தது. வெளியே எடுப்பதே நோக்கம். கூழ் அதன் செலவைத் தாங்கும் துணை. குளத்துக் கருவேலத்தையும் அப்படிப் பார்க்கலாம். ஒருமுறை வெட்டி, தூரைப் பறித்து, அந்த விறகை விற்றுக் குளத்துக்கே செலவழித்தால் அது நல்ல எரிபொருள். இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஒரு மின்நிலையத்தை அதன்மேல் உட்காரவைத்தால் அதே விறகு கெட்ட எரிபொருள்.

கொதிகலனின் பசி

ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 1.3 கிலோ தாவர எரிபொருள் வேண்டும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் வகுக்கக் கையாளும் அளவுகோல்களிலிருந்து வரும் எண் இது. தமிழகத்தில் பரவலாக நிறுவப்பட்ட 10 மெகாவாட் நிலையம் ஒன்று முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளில் 2.4 லட்சம் யூனிட் தரும். அதற்கு 310 டன் எரிபொருள் வேண்டும். பத்து டன் லாரிகளில் முப்பத்தொன்று. ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டன். வறண்ட நிலத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து டன் விறகு வளரும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இந்த ஒரு சிறிய நிலையத்துக்கு 20,000 ஏக்கர் வேண்டும்.

தொடக்கத்தில் எந்தத் திட்டமும் மரத்தை எரிப்பேன் என்று சொல்லி வருவதில்லை. பருத்தி மார், கடலைத் தோல், தென்னை மட்டை, கரும்புத் தோகை, மக்காச்சோளத் தட்டை என்று கழிவுகளின் பட்டியலோடுதான் வரும். பட்டியல் விறகில் போய் முடிவதற்குப் பொறியியல் காரணங்கள் இருக்கின்றன. மாரும் தட்டையும் கனமில்லாதவை. லாரி நிறைந்தாலும் எடை ஏறாது. டீசல் செலவில் பாதி காற்றைச் சுமப்பதற்கே போய்விடும். அவற்றில் பொட்டாசியமும் குளோரினும் கூடுதல். கொதிகலன் சூட்டில் இவை உருகிக் குழாய்களின்மேல் பாறையாகப் படிகின்றன, உலோகத்தை அரிக்கின்றன. தவிர, அறுவடைக் காலத்தில் குவிந்து கிடக்கும் கழிவு மற்ற மாதங்களில் இருக்காது. கட்டையாகக் கிடைக்கும் கருவேலத்துக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஆகவே கொதிகலன் விறகுப் பக்கம் சாய்கிறது.

இன்னொரு காரணம் பொருளாதாரம். கேட்க ஆள் இல்லாதவரைதான் ஒன்று கழிவு. கேட்பவர் வந்ததும் அதற்கு விலை வந்துவிடுகிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2003-இல் குடிநீர் மோட்டாரை ஓட்ட 9 கிலோவாட் மரவாயுக் கலன் ஒன்றை நிறுவியது. மரவாடிகளில் மிஞ்சும் துண்டுகளே எரிபொருள். மின்கட்டணம் மிச்சமாயிற்று. பிறகு அந்தத் துண்டுகளின் விலை ஏறியது. கலன் கட்டுப்படியாகாமல் போயிற்று. ஊராட்சி 2006-இல் உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கி நிறுவியது. நாடெங்கும் பேசப்பட்டது அந்தக் காற்றாலை. அதற்கு முந்தைய மரவாயுக் கலன் சொன்ன பாடத்தை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

பெரும்பாலான ‘கழிவு’களுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கரும்புச் சக்கையை ஆலைகள் தம் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. அதே சக்கையிலிருந்து புகழூர் ஆலை காகிதம் செய்கிறது. சக்கையைக் காகிதத்துக்குக் கொடுக்கும் சர்க்கரை ஆலைக்கு ஈடாக நிலக்கரியோ அதிலிருந்து வரும் நீராவியோ தரும் ஏற்பாடு தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. சக்கையை எரித்தால் காகிதத்துக்கு மரம் வெட்ட வேண்டும். காகிதமாக்கினால் கொதிகலனுக்கு நிலக்கரி வேண்டும். தட்டையும் அப்படித்தான். பஞ்சாபில் நெல் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அதைச் சேர்த்துக் கொதிகலனில் எரித்தால் டெல்லிக்குப் புகையாவது குறையும். திண்டுக்கல் பக்கத்தில் சோளத்தட்டையும் மக்காச்சோளத் தட்டையும் மாட்டுத் தீவனம். எஞ்சியது மண்ணுக்குப் போகும். அதை எடுத்து எரித்தால் மாட்டுக்கு வேறிடத்திலிருந்து தீவனம் வர வேண்டும், வயலுக்குப் பொட்டாஷ் மூட்டையில் வர வேண்டும். ஒரே தட்டைதான். பஞ்சாபில் எரித்தால் லாபமாவது வேடசந்தூரில் எரித்தால் நட்டமாகிறது.

காட்டாமணக்கு சொன்னது

2003-இல் மத்தியத் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கை நாட்டின் டீசல் பயிராக முன்வைத்தது. தரிசு நிலத்தில் வளரும், ஆடு மேயாது, தண்ணீர் கேட்காது என்றார்கள். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைதோறும் அதைப் பேசினார். தமிழகத்தில் நாற்றும் கடனும் வந்தன, ஒப்பந்த நிறுவனங்களும் வந்தன. 2009-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் இருபது விழுக்காடு கலப்பதை இலக்காக வைத்தது.

பெரே அரிசா-மொந்தோபியோ, சரச்சந்திர லேலே ஆகியோர் கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு நட்ட உழவர்களிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விளைச்சல் சொன்னதற்கு வெகு கீழே இருந்தது. தண்ணீர் பாய்ச்சினால்தான் காய்த்தது. பாய்ச்சியும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. தரிசில் நட்டதாகச் சொன்னது பல இடங்களில் கடலையும் தீவனமும் விளைந்த நிலத்தில் நடந்திருந்தது. செடி உயிரோடிருக்கும், காய்க்காது. வறட்சியைத் தாங்குவதும் வறட்சியில் விளைவதும் வெவ்வேறு என்பதைச் சமவெளி உழவர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

‘தரிசு’ என்பதையே இன்னொரு ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியது. ஜெனிபர் பேகா விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டத்தில் தங்கி, பயனற்றது என்று பதிவேட்டில் எழுதிய நிலங்களிலிருந்து உண்மையில் எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்று அளந்தார். அங்கே நின்றது சீமைக் கருவேலம். அது வீட்டு அடுப்புக்கும், சூளைக்கும், கரிமூட்டத்துக்கும், மின்நிலையத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அதை அழித்துக் காட்டாமணக்கு நட்டுப் பயோடீசல் எடுத்தால் கிடைக்கக்கூடிய பயன்படும் ஆற்றலைப்போல் இரண்டரை மடங்கு முதல் பத்து மடங்குவரை இந்த முள்மரம் தந்துகொண்டிருந்தது என்று 2014-இல் வெளியான அந்தக் கணக்கு காட்டியது. முன்னே பழி சுமத்திய மரத்துக்கு இங்கே சான்றிதழ் கொடுப்பதாகத் தோன்றலாம். குளத்தில் நிற்பதும் மேட்டுப் புறம்போக்கில் நின்று நிலமற்றவர் அடுப்பை எரிப்பதும் வேறு வேறு. இடம் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இருபது விழுக்காட்டை இலக்காகக் கொண்ட பயோடீசல் கலப்போ இன்றுவரை சொல்லும்படியான அளவை எட்டவில்லை.

மக்காச்சோளம் போகும் பாதை

காட்டாமணக்கு தோற்ற இடத்தில் எத்தனால் வென்றது. பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2030-இலிருந்து 2025-26-க்கு முன்னிழுத்து, 2025-இல் இந்தியா எட்டிப் பிடித்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் பழைய கார்களில் ஆறேழு விழுக்காடு மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதே அறிக்கையில் உண்டு. 2023 டிசம்பரில், சர்க்கரை கையிருப்பு குறையும் என்று அஞ்சிய மத்திய அரசு, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. வடிசாலைகளின் பார்வை மக்காச்சோளத்தின்மேல் திரும்பியது.

ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களுக்கு இது நேரடியான செய்தி. மானாவாரியிலும் கிணற்றுப் பாசனத்திலும் இங்கே மக்காச்சோளம் பெரும் பயிர். விளைந்தது பல்லடத்துக்கும் நாமக்கல்லுக்கும் கோழித் தீவனமாகப் போகும். எத்தனால் ஆலைகள் சந்தைக்கு வந்ததும் விலை ஏறியது. 2018-இல் நுழைந்த படைப்புழுவோடு மல்லுக்கட்டி, மருந்துக்குச் செலவழித்து நொந்திருந்த உழவருக்கு அது நல்ல சேதி. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

சூழல் கணக்கில் மறுபக்கம் இருக்கிறது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து 380 லிட்டர் எத்தனால் வரும். 35 லிட்டர் கலப்பு பெட்ரோல் பிடிக்கும் டேங்க்கில் 7 லிட்டர் எத்தனால். அதாவது ஒருமுறை டேங்க்கை நிரப்ப 18 கிலோ மக்காச்சோளம். கோழிக்குப் போட்டிருந்தால் கறிக்கோழி வளர்ந்திருக்கும். வடித்தபின் மூன்றில் ஒரு பங்கு எடைக்குப் புரதம் மிகுந்த சக்கை தீவனமாகத் திரும்புகிறது என்பதைக் கழித்துக்கொண்டாலும், மீதிக்குக் கோழி வேறெங்காவது பார்க்க வேண்டும். பார்த்தது. பல்லாண்டுகளாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-இல் ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சரக்கு வந்தது. மியான்மரின் ஷான் மலைச்சரிவுகளில் மக்காச்சோளத்துக்காகக் காடு குறைவதும், அறுவடைக்குப் பின் வைக்கும் தீயின் புகை வடக்குத் தாய்லாந்தை மூடுவதும் அங்கே ஆண்டுதோறும் பேசப்படும் சிக்கல்.

ஓரிடத்து நிலத்தை எரிபொருளுக்குத் திருப்பினால் இன்னோரிடத்தில் காடோ புல்வெளியோ உழவுக்கு வரும் என்பதை 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் திமத்தி சர்ச்சிங்கர் குழு அமெரிக்க மக்காச்சோள எத்தனாலை வைத்துக் கணக்கிட்டது. அந்த மாற்றத்தைச் சேர்த்தால் எத்தனால் பெட்ரோலைவிட அதிகம் உமிழ்கிறது என்றது. அதன் எண்கள் பிறகு கடுமையாக விவாதிக்கப்பட்டன. பின்வந்த பல மதிப்பீடுகள் அதைவிடக் குறைவாகவே சொல்லின. எவ்வளவு என்பதில்தான் சண்டை, அப்படி ஒரு விளைவு உண்டு என்பதில் பெரிதாக இல்லை. யூரியாவையும் மறந்துவிடக் கூடாது. வயலில் போட்ட தழைச்சத்தில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

ஒரு ஏக்கர் என்ன தரும்?

இந்தச் சிக்கல்களின் வேர் ஒன்றுதான். இலை சூரிய ஒளியைச் சேமிப்பதில் மிகவும் மந்தம். விழும் ஆற்றலில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வயலில் தாவரமாகத் தங்குகிறது. கூரைமேல் வைக்கும் சூரியத் தகடு இருபது விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது.

ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு ஐந்து டன் விறகு வளர்த்தால் சுமார் 3,800 யூனிட் மின்சாரம். அதே ஏக்கரில் சூரியத் தகடு வைத்தால் தமிழக வெயிலில் சுமார் மூன்று லட்சம் யூனிட். ஏறக்குறைய எண்பது மடங்கு. ஒரு ஏக்கரில் ஒரு போகம் இரண்டரை டன் மக்காச்சோளம் விளைந்தால் 950 லிட்டர் எத்தனால். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு கார் 9,500 கிலோமீட்டர் ஓடும். அந்த ஏக்கரின் சூரிய மின்சாரத்தில் மின்கார்கள் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் 18 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இரண்டு போகம் எடுத்தாலும் வித்தியாசம் நூறு மடங்கை ஒட்டியே நிற்கும். நல்ல வயலில் தகடு பதிக்கச் சொல்லவில்லை. நூற்பாலைகளின் கூரைகள் இருக்கின்றன. பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் இருக்கிறது.

தாவர எரிபொருளுக்கு இவற்றிடம் இல்லாத ஒரு வலிமை உண்டு. அடுக்கி வைக்கலாம், வேண்டும்போது எரிக்கலாம், இரவிலும் எரியும். கிடைப்பது கொஞ்சம், சேமிக்க வசதியானது. அப்படிப்பட்ட பொருளை, வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சிக்கனம். 10 மெகாவாட் கொதிகலனில் இரவு பகலாக எரித்துத் தள்ளுவது அதற்கு நேர் எதிர்.

புகைக்குப் புதுப்பிக்கும் கணக்கு தெரியாது

ஒரே அளவு வெப்பத்துக்கு விறகு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியைவிடச் சுமார் 15 விழுக்காடு கூடுதல். பிறகு மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அதைப் பொறுத்துக்கொள்கிறோம். நுண்துகளை மரம் அப்படித் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. அது நுரையீரலுக்குப் போகிறது. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள் ஆண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 வரையறை. விறகடுப்பு எரியும் அறையில் சமையல் நேரத்தில் இது நூற்றுக்கணக்கில் ஏறும். தமிழகக் கிராமத்துச் சமையலறைகளில் இதை ஆண்டுக்கணக்கில் அளந்துவருகிறவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். மண்ணால் மூடிய கரிமூட்டத்திலோ நான்கைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அங்கேயே புகையாகவும் மீத்தேனாகவும் போய்விடும். சாம்பல் வாரும் தொழிலாளியும் மூட்டக்காரரும் சுவாசிப்பது அதை.

எதை எரிக்கலாம்?

நம் கேள்விக்கு நல்ல பதில் தரும் பொருள்களும் இந்தச் சமவெளியில் இருக்கின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விலை போகாமல் கொட்டுவதை எரிபொருளாக்காமல் விட்டால் என்னவாகும்? குவியலின் உள்ளே காற்றில்லாமல் அழுகி, மீத்தேனாக வானத்துக்குப் போகும். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதே கழிவை மூடிய கலனில் அழுகவைத்தால் ஒரு டன்னுக்கு நாற்பது கனமீட்டரை ஒட்டி எரிவாயு கிடைக்கும். ஏறக்குறைய 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்குச் சமம். சென்னை கோயம்பேட்டில் நாளுக்கு 30 டன் கழிவுக்கு இப்படி ஒரு நிலையம் அமைத்தார்கள். அத்தகைய நிலையங்களின் அனுபவம் சொல்வது ஒன்றே. பிளாஸ்டிக்கும் கயிறும் கலக்காமல் சந்தையிலேயே கழிவைப் பிரித்தால்தான் கலன் ஓடும்.

மாட்டுச் சாணமும் அப்படியே. இரண்டு கனமீட்டர் கோபர் கேஸ் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் போதும். ஒரு குடும்பத்துச் சமையல் நடக்கும். வெளியே வரும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது, வயலுக்குப் போகும். வறட்டியாகத் தட்டி எரித்தால் அந்தச் சத்து புகையோடு போய்விடும். எரிபொருளும் எருவும் ஒருசேரக் கிடைக்கும் வழி இது ஒன்றுதான். சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமம் போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாக இதைச் சொல்லியும் செய்தும் வந்திருக்கின்றன.

இதற்கும் நிபந்தனை உண்டு. ஒரு கனமீட்டர் சாண எரிவாயுவில் ஏறத்தாழ 400 கிராம் மீத்தேன் இருக்கிறது. அது கசிந்தால் 11 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கேடு. எரித்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சமையல் எரிவாயுவை மிச்சப்படுத்தினால் கிடைக்கும் ஆதாயமோ ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. ஆகவே உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கசிந்தாலே எரிபொருள் ஆதாயம் மொத்தமும் போய்விடும். மானியத்தில் கட்டி, விரிசல் விட்டு, யாரும் பூசாமல் கிடக்கும் கலன், கட்டாமலே இருந்ததைவிடக் கெட்டது. திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது கட்டுமானத்தோடு பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

‘பசுமை எரிபொருள்’ என்ற பலகையோடு ஒரு திட்டம் உங்கள் ஒன்றியத்துக்கு வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்திலோ கிராம சபையிலோ கேளுங்கள். நாளுக்கு எத்தனை டன் எரிப்பீர்கள்? அது எந்தெந்த ஊர் நிலத்திலிருந்து வரும்? இப்போது அதை வைத்திருப்பது யார், மாடா, மண்ணா, அடுப்பா, கோழியா? குளத்துக் கருவேலம் தீர்ந்த பிறகு கொதிகலனுக்கு என்ன போடுவீர்கள்? இவற்றுக்கு எண்ணோடு பதில் சொல்லும் திட்டத்தை வரவேற்கலாம். ‘தாவரம்தானே, கார்பன் நடுநிலைதான்’ என்று மட்டும் பதில் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். தண்ணீர் குறைந்த இந்தச் சமவெளியில் எரிப்பதற்கென்றே பயிர் செய்ய ஒரு ஏக்கர்கூட மிச்சம் இல்லை.